உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

புது வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டி.வி.யை எந்தச் சுவரில் மாட்டலாம் என்றுதான். இந்த ஆள் கேட்டது வேறு.

"தங்கச்சி, ஒருத்தன் கத்தியோட இந்த வீட்டுக்குள்ள வர்றான்னு வச்சுக்க. எந்தப் பக்கமா வருவான்?"

அப்போது சுவர்களுக்குப் பூச்சுகூட ஆகவில்லை. செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. நான் ஒரு கையில் சாக்கட்டியும் இன்னொரு கையில் டேப்புமாக, எங்கே பைப் போகவேண்டும், எங்கே கேபிள் இறங்கவேண்டும் என்று குறித்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அது. புது வீட்டுக்கு நெட் லைன் திட்டம் போட்டுக் கொடுப்பேன். கேமரா, போனில் திறக்கும் பூட்டு, பெயர் சொன்னால் எரியும் விளக்கு எல்லாவற்றையும் இழுத்துவந்து மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு ராக்கில் சேர்ப்பேன். பூச்சு வேலைக்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறவன் புத்திசாலி. பூசி, பெயின்ட் அடித்து, அழகு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவன் என் வாயில் விழுந்து எழுந்திருப்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்த வட்டாரத்து மேஸ்திரிகள் எல்லாருக்கும் தெரியும்.

"நான் கேபிள் இழுக்கறவ சார். கத்தியோட வர்றவன் ரூட்டு எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும். வா காட்டறேன்."

காட்டினார். மற்றவர்கள் சோபா இங்கே, கட்டில் அங்கே என்று காட்டுவது போல அவர் கொலைகாரனை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். இந்த பாத்ரூம் ஜன்னல் கம்பியை ஜாக்கி வைத்து நெளித்துவிடலாம். அந்த சன்ஷேடில் கால் வைத்தால் பால்கனி. சமையலறை எக்ஸாஸ்ட் ஓட்டையில் ஒல்லியான ஆளாக இருந்தால் தோள் நுழையும், தோள் நுழைந்தால் மிச்சமும் நுழையும். ஆள் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கிரானைட் கடை முதலாளி. விரல்கள் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டு கனம். நான் மறுபேச்சுப் பேசாமல் அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கேமரா பாயின்ட் போட்டேன். உண்மையைச் சொன்னால், நான் பார்த்த வீட்டுக்காரர்களிலேயே தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர் அவர்தான்.

பின்னாலேயே அவர் மனைவி வந்தார். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கோரிக்கை. "சமையல் ரூம்ல மட்டும் கையால தட்டினா எரியற லைட்டு ஒண்ணு போட்டுடும்மா. லைட்டுகிட்டப் போய் நின்னு பேசிக்கிட்டிருக்க என்னால முடியாது. இந்த மனுஷங்கிட்ட பேசறதே தண்டம்."

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேலே சாரத்தில் நின்ற மேஸ்திரி அவரைப் பார்த்துக் குனிந்து, "சம்மட்டியண்ணே, கலவை பத்தல" என்று கத்தினார்.

என் கையில் இருந்த சாக்கட்டி உடைந்தது.

என் தம்பி முன்பு கேபிள் டி.வி. லைன்மேன். எங்கள் பக்கத்துத் தெருக்களுக்காக இரண்டு கேபிள்காரர்கள் அடித்துக்கொண்ட காலத்தில், ஒருவருக்காகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான். இன்னொருவரின் ஆட்கள் அவனை ஏணியிலிருந்து இழுத்துப் போட்டு, வலது கையை ஜங்ஷன் பாக்ஸ் மூடிமேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கத்திலும் அவன் அந்த ஒரு பெயரைத்தான் முனகினான். அடித்தவனுக்கு ஆயுதத்தின் பெயரையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். இப்போது தம்பியின் மணிக்கட்டுக்குக் கீழே இருப்பது கை மாதிரி ஒன்று. விரல்கள் ஒட்டிக்கிடக்கின்றன. நரம்பு செத்துவிட்டது, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் தெரியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இடது கையாலேயே லேப்டாப்பைத் தட்டி, நான் சுவருக்குள் புதைத்துவிட்டு வருவதற்கெல்லாம் அவன்தான் உயிர் கொடுக்கிறான்.

அது வேறு சம்மட்டியாக இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் அந்த ஆள் வழி விடவில்லை.

"நானும் ஒரு காலத்துல கேபிள் லைன்ல இருந்தவன்தான் தங்கச்சி" என்றான். "நீ ஒயரை இழுக்கற. நான் ஒயர் இழுக்கறவனை இழுத்தேன். ஒருத்தன் கையை பாக்ஸ் மேல வச்சு ஒரே போடு. அப்புறம் அந்தத் தெருவுல எவனும் ஏணி சாத்தல."

பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. பழைய ஆபீஸ் கதை போலச் சொன்னான். அதுவரை மனதுக்குள்ளும் எனக்கு அவர் 'அவர்'தான். அந்த நிமிஷத்திலிருந்து 'அவன்'. வாயில் மட்டும் 'சார்' நின்றது.

டிரில்லிங் மெஷின் என் காலடியில்தான் கிடந்தது. எடுத்து அவன் கண்ணில் வைத்து அழுத்தியிருப்பேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுத்தாததற்குக் காரணம் பயமும் இல்லை, நல்ல குணமும் இல்லை. இந்த வீட்டின் நரம்பு ஒவ்வொன்றும் என் கை வழியாகத்தான் போகப்போகிறது, போகட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். என்ன பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. உடைந்த சாக்கட்டியின் பெரிய துண்டை எடுத்து அடுத்த சுவருக்குப் போனேன்.

வாசல் கதவுக்குப் பூட்டு முடிவு செய்யும் நாளில் எங்களுக்குள் சண்டை வந்தது. போனில் திறக்கும் பூட்டு வைக்கும்போது வீட்டுக்காரனிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். கரண்ட் போனால் பூட்டு திறந்துகொள்ள வேண்டுமா, மூடியே இருக்க வேண்டுமா?

"மூடியே இருக்கணும்" என்றான். "நாங்க ஒரு வீட்டுக்குப் போனா மொதல்ல கரண்டைத்தான் புடுங்குவோம். கரண்ட் இல்லாத நேரத்துல யாரு சொன்னாலும் அது தொறக்கக் கூடாது. என் போன் சொன்னாலும்."

"சரி, உள்பக்கம் கைப்பிடி வச்சுடறேன். உள்ள இருக்கறவங்க திருகினா தொறக்கும்."

"கைப்பிடியே வேணாம். ஒருத்தன் நைசா உள்ள பூந்து, கைப்பிடியைத் திருகி மிச்சப் பேரை உள்ள விடுவான். நான் அப்படி எத்தன வீட்டுல விட்டிருக்கேன்."

"தீ புடிச்சா எப்படி சார் வெளிய ஓடுவீங்க?"

"தீ வச்சவங்கிட்ட வந்து தீயப் பத்திப் பேசற பாரு."

நான் கத்தினேன். அவனும் கத்தினான். மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்தார். கடைசியில் கைப்பிடி இல்லாத கதவையே மாட்டினேன். ஆனால் எந்த வீட்டையும் நான் எலிப்பொறியாக்கிவிட்டு வந்ததில்லை. எமனே குடியிருந்தாலும் வெளியே வர ஒரு வழி வேண்டும். அவனுக்குத் தெரியாமல் பூட்டிலிருந்து தனியாக ஒரு ஒயரைப் படிக்குக் கீழே கொண்டுபோய், ராக்கின் பேட்டரியோடு சேர்த்து, ராக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டனை வைத்தேன். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அழுத்தினால் கதவு திறக்கும். அந்த அம்மாவிடம் மட்டும் காட்டினேன்.

"இதாவது கையால தட்டறதா வச்சியே" என்றார் அந்த அம்மா.

தம்பியிடம் இது யார் வீடு என்று நான் சொல்லவில்லை. கிரானைட் கடைக்காரர் வீடு என்றேன். பூட்டு, கேட், விளக்கு எல்லாவற்றையும் அவன் வீட்டிலிருந்தே அமைத்தான். வேலையை முடித்து ஒப்படைக்கும்வரை எல்லாச் சாவியும் அவன் லேப்டாப்பில்தான் இருக்கும், எங்கள் வழக்கம் அப்படி. கேமராவை மட்டும் கடைசியில் தொடு என்று சொல்லியிருந்தேன். கேட்கிற பிள்ளை என்று நம்பினேன்.

அந்தக் குடும்பம் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு காலைல அந்த கிரானைட் வீட்டுக்குப் போறியா?"

மறுநாள்தான் ஒப்படைக்கும் நாள், அதை அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. போகிறேன் என்று சொன்னால் கேமராவைப் போட்டு என்னோடு பேச்சுக் கொடுப்பான். இடது பக்கம் திருப்பு அக்கா, வலது பக்கம் திருப்பு அக்கா என்பான். அப்படியே அந்த முகத்தைப் பார்த்துவிடுவான். அந்த முகத்தை அவன் இன்னொருமுறை பார்க்கவே கூடாது.

"இல்லடா. ஒரு ஸ்கூல் லேப்புல கேபிள் மாத்தணும். நாள் பூரா அங்கதான்" என்றேன்.

"சரிக்கா" என்றான். உடனே சொன்னான், மேற்கொண்டு கேட்காமல். வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அந்த வீட்டு ஹாலில் அட்டைப்பெட்டிகள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சோபாமேல் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி நிற்க இடம் போதாமல் ஒரு படியின் ஓரத்தை உடைத்திருந்தார்கள்; உடைத்த ஆளின் சம்மட்டி அங்கேயே சாய்ந்து கிடந்தது. நான் வீட்டுக்காரனுக்கு ஆப்பைச் சொல்லிக்கொடுத்தேன். பூட்டு அவன் கைரேகையை வாங்க மறுத்தது. கல் அறுத்து அறுத்து விரல் மழுங்கிப்போயிருந்தது.

"என் வீடு, எனக்கே தொறக்க மாட்டேங்குது" என்றான்.

"துடைச்சுட்டு வைங்க சார்."

அவன் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே இரும்பு கேட் தானாக நகர்ந்தது. சக்கரம் உருளும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"நீ தொறந்தியா?" என்றான்.

"இல்ல. உங்க விரல் ஆப்புல எங்கயாவது பட்டுதா?"

முகம் மாறிவிட்டது. எனக்குப் புரிவதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்து, "உள்ள போ" என்றான். அதற்குள் வாசல் பூட்டு டிக் என்றது. கதவு தானாகத் திறந்தது, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் வெட்டுக்கத்தி. பின்னால் வந்தவன் கையில் இரும்புக் கம்பி. வெளியே மீட்டர் பெட்டி பக்கம் இன்னொருவன் நின்றான். கரண்ட் போனது. அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டு பூட்டு விழுந்தது. அவனே கேட்டு வாங்கிய பூட்டு. இனி கரண்ட் வரும்வரை யார் சொன்னாலும் திறக்காது.

"என்னண்ணே, வீடு நல்லாருக்கு" என்றான் கத்திக்காரன்.

சம்மட்டி பேச்சை வளர்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தான். கத்திக்காரன் குனிந்துகொண்டான். கம்பிக்காரனின் முதல் அடி சம்மட்டியின் தோளில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் காய்ந்த குச்சி முறிவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, அது ஈரமாகக் கேட்கிறது. அவன் விழவில்லை. அடித்தவனின் காதைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியால் மூக்கில் மோதினான். பளபளவென்று புதிதாகப் போட்ட கல் தரையில் இரண்டு பற்கள் உருண்டன. கத்தி சம்மட்டியின் முன்கையை முழங்கை வரைக்கும் கிழித்தது. ரத்தம் அட்டைப்பெட்டிகள் மேல், அதில் எழுதியிருந்த 'உடையும் பொருள்' என்ற எழுத்துகள் மேல் அடித்தது.

அந்த அம்மா அலறவில்லை. பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த இரும்பு வாணலியை வீசினார். அது அவர் புருஷன் முதுகில் போய் விழுந்தது.

"நீ வேற ஏண்டி" என்றான் அவன், அந்த நேரத்திலும்.

நான் அந்த அம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்குக் கீழே, ராக் இருந்த பொந்துக்குள் புகுந்தேன். ராக்கில் மட்டும் பச்சை விளக்குகள் எரிந்தன, விசிறி ஓடியது. அதற்குப் பேட்டரி உண்டு, நெட்டுக்கும் கேமராக்களுக்கும் அங்கிருந்துதான் உயிர். கரண்டைப் பிடுங்கியவர்களுக்கு அது தெரியாது. என் போன் அடித்தது. தம்பி.

"அக்கா." அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. "நீ ஏன் அங்க இருக்க? ஸ்கூல்னு சொன்னியேக்கா. ஸ்கூல்னுதான சொன்ன."

நான் அங்கே இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம்தான் யோசித்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹால் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்தது தானாகப் புரிந்தது.

"டேய். கேட்டைத் தொறந்தது நீயா?"

அழுதான். கேமராவைக் கடைசியில் தொடு என்று நான் சொன்னதுதான் அவனை உறுத்தியிருக்கிறது. முதல் நாளே போட்டுப் பார்த்திருக்கிறான். பார்த்த முகத்தை எனக்குச் சொல்லாமல், தன் பழைய கேபிள் முதலாளியின் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறான். நான் அவனிடம் மறைத்தேன், அவன் என்னிடம் மறைத்தான். ஒரே வீட்டில் ஒரே தட்டு சோற்றைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டே மறைத்தோம்.

"கையை மட்டும்தாங்க்கா கேட்டேன். வலது கையை மட்டும். அவனுங்களும் சரின்னாங்க. உசுருக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"கதவைத் தொறடா."

"அழுத்தறேன் அழுத்தறேன், கேக்க மாட்டேங்குது. கரண்ட் இல்ல. நீதானக்கா அப்படிப் போட்ட."

பட்டன் என் விலாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் கதவு திறக்கும். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓடிவிடலாம். பின்னால் நடப்பது பின்னால் நடக்கட்டும். இத்தனை வருஷமாக ஒரு கையால் சட்டைப் பட்டன் போடத் தெரியாமல் என் முன்னால் வந்து நிற்கிற பிள்ளைக்காக நான் வேண்டிக்கொண்டது, இதோ ஹாலில் நடந்துகொண்டிருந்தது. என் விரல் பட்டன்மேல் போனது. போகும்போது ஹாலை எட்டிப் பார்த்தேன்.

சம்மட்டி படிக்கட்டின் அடியில் மல்லாந்து கிடந்தான். கம்பிக்காரன் சுவரோரம் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். கத்திக்காரன் சம்மட்டியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் அவன் தாடையை மேலே தூக்கிக்கொண்டிருந்தான். வலது கை என்று ஒன்று இருப்பதையே அவன் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தான்.

கேட்டைத் திறந்தது என் தம்பி. கதவைத் திறந்தது என் தம்பி. இந்த ஆள் செத்தால் என் தம்பி கொலைகாரன். மிச்ச வாழ்நாளை ஒரு கையோடு ஜெயிலில் கழிப்பான், அங்கே அவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட யாரும் இருக்கமாட்டார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். சம்மட்டியின் உயிர்மேல் எனக்கு அப்போதும் ஒரு துளி அக்கறை வரவில்லை.

"நான் கத்தினதும் இதை அழுத்துங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். போனை மேல்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து, படியை உடைத்த ஆள் விட்டுப்போன சம்மட்டியை எடுத்தேன்.

முதல் அடியைக் கத்திக்காரன் முதுகில் போட்டேன். பதற்றத்தில் பக்கவாட்டில் பட்டது. கத்திக்காரன் திரும்பிய வேகத்தில் கத்தி என் தோளைச் சீவிக்கொண்டு போனது. வலி தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. அவன் எழுந்துகொள்ள ஒரு காலை ஊன்றினான். அந்த முட்டியில் இரண்டாவது அடியைப் போட்டேன். கேபிள் புதைக்கச் சுவரில் காடி வெட்டிப் பழகிய கை, குறி தப்பவில்லை. முட்டி எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. அவன் ஊளையிட்டான். கம்பிக்காரன் எழுந்து வந்தான். நான் அவன் தலைக்கு ஓங்கினேன், உண்மையாகவே தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் குறுக்கே வைத்த கம்பியில் பட்டுக் கம்பி பறந்தது.

"அழுத்துங்க" என்று கத்தினேன்.

கதவு திறந்தது. வெயில் தரை முழுவதும் விழுந்து ரத்தத்தைக் காட்டியது. கம்பிக்காரன் கத்திக்காரனை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனான். மீட்டர் பெட்டியோரம் நின்றவன் உள்ளே வரப் பார்த்தான். கூட்டாளியின் கால் கிடந்து ஆடிய விதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வண்டியை எடுக்க ஓடிவிட்டான். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாக மூடிக்கொண்டது.

உள்ளே வந்தபோது சம்மட்டி படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோள் ஒரு பக்கம் இறங்கிக்கிடந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் முன்கையில் கட்டிக்கொண்டிருந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன் என்றார்.

"கேட்டை உடைக்கல. கதவை உடைக்கல" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "சாவி வச்சிருந்தவன்தான் தொறந்திருக்கான். யாரு தங்கச்சி?"

என் பாக்கெட்டுக்குள்ளிருந்து "அக்கா, அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் அந்தச் சத்தத்தைப் பார்த்தான். நான் போனை எடுத்துப் படியில் வைத்தேன். இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"என் தம்பி. பாக்ஸ் மேல ஒருத்தன் கையை வச்சு ஒரே போடுன்னு சொன்னீங்களே. அந்தக் கை."

மன்னிப்புக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவன் கேட்கவுமில்லை. வலது கையை மெதுவாக நகர்த்தி, உடைந்த படிக்கு அடுத்த படியில், உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தான்.

"அடி."

"என்ன?"

"இப்ப அடிச்சா இதோட முடிஞ்சுது. இதுவும் அவனுங்க அடிச்சதுன்னு போலீஸ்ல சொல்லிடறேன். கேட்டை நானே தொறந்தேன்னு சொல்லிடறேன். அடிக்கலன்னா இது முடியாது. நான் ஆஸ்பத்திரிலேர்ந்து எழுந்து வர்ற அன்னிக்கு உன் தம்பியத் தேடி வருவேன். எனக்கு வேற மாதிரி தெரியாது தங்கச்சி."

"பைத்தியமா உனக்கு? இப்பதான் உன் உசுரக் காப்பாத்தியிருக்கேன்."

"எனக்காகவா காப்பாத்தின?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். இந்தக் கிறுக்கனுக்குப் புத்தி சொல்வார் என்று நினைத்தேன். அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடிச்சுடும்மா" என்றார். "இந்த மனுஷன் வருவேன்னா வருவாரு. வரமாட்டேன்னா வரமாட்டாரு. இத்தன வருஷம் கூட இருக்கேன், எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க்கா" என்றது படியில் இருந்த போன். "நான் கேக்கலக்கா. எனக்கு வேணாம். அக்கா, வேணாம்."

நான் மேலே கேமராவைப் பார்த்தேன். அங்கே என் தம்பி இருந்தான். ஒரு கையோடு இருந்தான், இந்த ஆள் தேடி வந்தால் அதுவும் இல்லாமல் இருப்பான். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன்மேலா, தம்பிமேலா, பொய் சொன்ன என்மேலா. சம்மட்டியை ஓங்கினேன். அவன் கண்ணை மூடவில்லை. அடித்தேன்.

சத்தம் இரண்டு முறை கேட்டது. ஹாலில் ஒருமுறை. தம்பியின் லேப்டாப்பில் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால், அது அங்கே போய், அவன் போனில் நுழைந்து, என் போன் வழியாகக் கொஞ்சம் தாமதமாக இன்னொருமுறை. அதற்குப் பிறகுதான் சம்மட்டி வாயைத் திறந்து அலறினான்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா ராக்குக்குப் போய், நான் காட்டிக்கொடுக்காமலே, கேமரா பார்த்ததெல்லாம் பதிவாகிற ரெக்கார்டரை ஒயரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளி உள்ளே போட்டார். "இதெல்லாம் எனக்கு ஆகாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு போலீஸ் வந்தது. அவன் சொன்னபடியே சொன்னான்.

தோளில் தையல் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது தம்பி லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவனை அடிக்கவேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். நாலு அறை விட்டு, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"நான் பாக்கலக்கா" என்றான். "கண்ணை மூடிக்கிட்டேன். சத்தம் மட்டும் கேட்டுது. அதே சத்தம்க்கா."

அப்போதுதான் கவனித்தேன். வலது கையைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த புதிதில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

"என்னடா கையில?"

"வலிக்குதுக்கா" என்றான். "அப்பலேர்ந்து வலிக்குது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வெளியே எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தேய்த்துவிடப் பார்த்தேன். எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தேன்.